கழுதைமுள்ளி எழுத மாட்டேன்

"இந்த ஒரு வார்த்தையை மட்டும் நான் எழுத மாட்டேன்" என்று சொல்லி சூடாமணி பேனாவை மூடி வைத்தாள்.

பிச்சுமணி அப்போதுதான் செக்ரட்டேரியட்டிலிருந்து வந்து குடையை மூலையில் சாத்திக்கொண்டிருந்தான். சட்டையைக்கூடக் கழற்றவில்லை. பகலெல்லாம் அங்கே குமாஸ்தா. காலையிலும் மாலையிலும் அவன் வேறு ஆள். சென்னையில் ஒரு பதிப்பாளருக்காக ஆங்கில நாவல் ஒன்றைத் தமிழில் பெயர்த்துக்கொண்டிருந்தான். அது அவனுடைய முதல் புத்தகம். அவன் கையெழுத்து, மைக்கூட்டில் விழுந்து எழுந்த எறும்பு காகிதத்தில் நடந்த மாதிரி இருக்கும். அதனால் நல்ல பிரதி எடுப்பது சூடாமணியின் வேலை. கோட்டைக்குள் அக்ரஹாரத் தெருவில், மத்தியானச் சாப்பாட்டுக்கும் மாலைக் காப்பிக்கும் நடுவே உள்ள பொழுதில், அவள் குனிந்து எழுதிக்கொண்டே வேறொரு தேசத்தில் நடமாடிக்கொண்டிருப்பாள். அங்கே பனி பெய்யும். கூரைகள் வெளுத்துக் கிடக்கும். ஆட்கள் அதிகம் பேச மாட்டார்கள்.

"ஏன், எழுத்து புரியலியா?" என்று கேட்டான் பிச்சுமணி.

"நன்னாப் புரியறது. அதுதான் கஷ்டம். கழுதைமுள்ளி எப்படி இருக்கும்னு நீங்க பாத்திருக்கேளா?"

"அகராதியில பாத்தேன்."

"நான் வேளிக் காயல்ல பாத்திருக்கேன். முழங்கால் சேறு. அதுல முள்ளு முள்ளா நிக்கும். நாத்தம் சகிக்காது, எருமைகூட ஒதுங்கிப் போகும். அதைப் பறிச்சுண்டு வந்து ஒருத்தன் என் வாசல்ல வெச்சா நான் கண்ணீர் விட மாட்டேனாக்கும். சாணியைக் கரைச்சு வாசல் தெளிச்சுடுவேன்."

சூடாமணிக்கு அந்த இடம்தான் நாவலின் உயிர். பனி மூடிய கிராமத்தில் கடிகாரம் பழுது பார்க்கிறவன் ஒருவன். பள்ளிக்கூடத்து ஆசிரியை மார்த்தாவின் மேல் அவனுக்குப் பிரியம். ஊரில் ஓடாத கடிகாரத்தையெல்லாம் ஓடவைப்பான், அவள் முன்னால் மட்டும் வாய் நின்றுபோகும். கடைசியில் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், ஊரெல்லாம் மொட்டை மரங்களாக நிற்கும்போது, பச்சை மாறாத ஒரு செடியிலிருந்து சிவந்த பழங்களோடு ஒரு கொப்பை ஒடித்து வந்து அவள் வாசலில் வைத்துவிட்டுப் போகிறான். ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்குப் புரிந்துவிடுகிறது. அந்தச் செடிக்கு ஆங்கிலத்தில் ஹாலி என்று பெயர். வீட்டிலிருந்த பழைய அகராதியைப் பிச்சுமணி புரட்டினான். அதில் "கடல் ஹாலி" என்ற பெயருக்கு நேரே கழுதைமுள்ளி என்று போட்டிருந்தது. அவன் கடலைக் கழித்துவிட்டுக் கழுதையை வைத்துக்கொண்டான்.

"ஹாலின்னே எழுதிடறேன், போறுமா?" என்றான்.

"எழுதுங்கோ. பதிப்பாளர் இங்கிலீஷ் வார்த்தையே கூடாதுன்னு சொல்லியாச்சு. இல்லாட்டாலும் அச்சுக் கோக்கறவன் ஹோலின்னு போட்டுடுவான். அப்புறம் மார்த்தா வாசல்ல வடக்கத்திக்காரா வந்து வர்ணப்பொடி தூவிட்டுப் போனான்னு எல்லாரும் படிச்சுப்பா."

பிச்சுமணிக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. இரண்டில் எதைக் காட்டுவது என்று தெரியாமல் சட்டையைக் கழற்றினான். "சித்திரை விஷுவுக்குள்ள பிரதி சென்னைக்குப் போயாகணும். அதுக்குள்ள வேற வார்த்தை கிடைச்சா சரி. இல்லேன்னா கழுதைதான்."

"நான் எழுத மாட்டேன்."

"நானே எழுதிக்கறேன்."

சூடாமணி மறுநாளிலிருந்து எல்லாவற்றையும் எழுதினாள். அந்த வார்த்தை வரும் இடத்தில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு வெற்றிடம் விட்டாள். வேறு வார்த்தை கிடைக்கவில்லை என்றால் அந்த இடங்களில் கழுதை வந்து நிற்கும், கடிகாரக்காரனுடைய காதல் ஊர் சிரிப்பாகிவிடும். அதை நினைக்கும்போதெல்லாம், சொந்தத் தங்கையைப் பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் கிழிந்த புடவையில் நிறுத்துவதுபோல அவளுக்குக் கூசியது.

பிச்சுமணி இந்தச் சண்டையை ஆபீஸில் தமாஷாகச் சொல்லியிருக்கிறான். பக்கத்து நாற்காலி நேசமணி, நாகர்கோவில்காரர், வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சிரித்தாராம். "ஓய், ஹாலியா? எங்க அக்கா வீட்டுல வேலியே அதுதானவேய்! பேரூர்க்கடைக்கு வாரும். இப்பம் மார்கழி, பழம் செவந்து கிடக்கும். வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாரும். சண்டை போட்டது அவங்கதானே?"

ஞாயிற்றுக்கிழமை கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினார்கள். பேரூர்க்கடையில் இறங்கிச் செம்மண் பாதையில் மேடேறி நடந்தபோது, திருப்பத்தில் அந்த வேலி எதிர்ப்பட்டது. சூடாமணி நின்றுவிட்டாள்.

இடுப்பளவு உயரம். மாமரம் புழுதி படிந்து, வாழை கிழிந்து, எல்லாமே வெயிலில் கொஞ்சம் களைத்துத் தெரிந்த அந்த மேட்டில், இது மட்டும் இப்போதுதான் எண்ணெய்க் காப்பு செய்து முடித்த கருங்கல் விக்கிரகம் போலப் பளபளத்தது. கரும்பச்சை. ஒவ்வோர் இலையும் தோல் செருப்பு மாதிரி கெட்டி. ஓரங்களில் முள், நுனிகளில் முள். அத்தனை முள்ளுக்கும் நடுவே, குன்றிமணியின் கறுப்புக் கண்ணை மட்டும் துடைத்துவிட்ட மாதிரி முழுச் சிவப்பாகப் பழங்கள், கொத்துக் கொத்தாக. தொடாதே என்றும் வா என்றும் ஒரே செடி சொல்கிறதே என்று அவள் நினைத்தாள். கடிகாரக்காரன் ஏன் பேசாமல் இருந்தான் என்பது அவளுக்கு அந்த நிமிஷம் புரிந்தது. இதை வாசலில் வைத்துவிட்டால் அப்புறம் பேசுவதற்கு என்ன இருக்கிறது?

பிச்சுமணியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கையெடுத்துக் கும்பிடாத குறையாக நின்றான்.

"கழுதை இல்லை" என்றான் மெல்ல.

"அல்லே, நான் சொன்னேனோல்லியோ?" என்றாள் அவள்.

உள்ளேயிருந்து நேசமணியின் அக்கா ராகேல் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். பெண்கள் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் டீச்சர். கணவர் மலைமேல் தேயிலைத் தோட்டத்து டாக்டர். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாள். கையில் பெரிய கத்தரி இருந்தது, முழங்கை வரைக்கும் கீறல்கள் இருந்தன. "வாங்க, வாங்க. கழுதைமுள்ளிக்காரங்க நீங்கதானா? நேசமணி சொல்லிச் சொல்லிச் சிரிச்சான்."

பிச்சுமணியின் முகம் பழத்தின் நிறத்துக்குப் போயிற்று.

செடி வந்த கதையை, முன்னாலேயே அங்கே வந்து காத்திருந்த நேசமணிதான் சொன்னார். தோட்டத்து துரை நாலைந்து வருஷத்துக்கு முன்னால், சுதந்திரம் வந்த கையோடு, ஊருக்குக் கிளம்பினார். துரைசாணி எல்லோரையும் கூப்பிட்டு வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னாளாம். ஒருவர் அலமாரியை எடுத்தார், ஒருவர் பீங்கான் தட்டுகளை, ஒருவர் சாய்ந்தாடும் நாற்காலியை. "எங்க அக்கா மம்மட்டி எடுத்துக்கிட்டுப் போனா" என்றார் நேசமணி. "செடிகளை வேரோட மண்ணோட தோண்டிச் சாக்கில கட்டி, தேயிலை லாரியில ஏத்தி, அதுமேல தானே ஏறி உக்காந்து வந்தா. ஊரே பைத்தியம்னு சொல்லிச்சு."

"அந்த ஆடுற நாற்காலி இந்நேரம் கரையான் அரிச்சிருக்கும்" என்றாள் ராகேல்.

பிறகு அவள் செடியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுகிற மாதிரி, கொஞ்சம் பெருமையும் கொஞ்சம் புகாருமாக. "இது வெள்ளைக்காரங்க ஊரு ஹாலி இல்ல, கேட்டீங்களா? அது குளிர் கேக்கும். துரைசாணி அதையும் வெச்சுப் பார்த்தாங்க, கருகிப் போச்சு. இவ சீனாக்காரி. அதே குடும்பம்தான். ஆனா வெயில் தாங்குவா. அந்தக் குடும்பத்துல ஆண் செடி தனி, பெண் செடி தனி, நம்ம ஊரு பனை மாதிரி. பக்கத்துல ஆண் இல்லாட்டா முக்கால்வாசிப் பேரு காய்க்க மாட்டாங்க. இவளுக்கு அந்த எதிர்பார்ப்பும் கிடையாது. தானா காய்ப்பா."

"பேஷ்" என்றாள் சூடாமணி, தன்னை அறியாமல்.

ராகேல் தட்டில் மலைவாழைப்பழமும் தோலோடு ஆரஞ்சும் கொண்டுவந்து வைத்தாள். சமைத்தது, காய்ச்சியது ஒன்றுமில்லை. அக்ரஹாரத்திலிருந்து வந்தவர்களுக்கு எது சங்கடம் தராது என்று யோசித்துச் செய்திருக்கிறாள். வேலியை எங்கே வெட்டலாம், எங்கே விடலாம் என்று தெரிந்த அதே கையின் நிதானம் அதிலும் இருந்தது. உள்ளே அவர்கள் வீட்டு டீ கொதிக்கும் வாசனை வந்தது.

"எனக்கு ஒரு டீ கிடைக்குமா?" என்று சூடாமணி கேட்டாள்.

பிச்சுமணி உரித்த ஆரஞ்சோடு அப்படியே நிமிர்ந்தான். ராகேலும் ஒரு நொடி தயங்கினாள். "வீட்டுல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா, தங்கச்சி?"

"வீட்டுல இருக்கறவர் இதோ இருக்கார். என்ன சொல்லணுமோ மொழிபெயர்த்துச் சொல்லட்டும்."

நேசமணி சிரித்த சிரிப்பில் வெற்றிலை புரையேறிற்று. டீ வந்தது. பிச்சுமணியும் குடித்தான்.

கிளம்பும்போது ராகேல், தாழ்ந்த கிளையை மண்ணில் புதைத்து வேர் விடவைத்திருந்த கன்று ஒன்றைத் தகர டப்பாவில் வைத்துக் கொடுத்தாள். "மேட்டுல வைங்க. கிணத்துத் தண்ணி ஓடுற பக்கம் வேண்டாம், வேர் நனஞ்சே நின்னா அழுகிரும். காலை வெயில் படட்டும், மத்தியானம் நிழல் இருக்கட்டும். மக்கின எலை போடுங்க. அடுப்புச் சாம்பல் மட்டும் போட்டிராதீங்க. சுண்ணாம்பு அடிச்ச சுவரை ஒட்டியும் வெக்காதீங்க, எலை வெளிறிப் போகும். நம்ம ஊரு செம்மண்ணு அவளுக்குப் பிடிச்சிருக்கு. வளந்தப்புறம் நுனியை மட்டும் கிள்ளினா போதும். மொத்தமா மொட்டையடிச்சா அடுத்த வருஷம் பழம் இருக்காது. அவசரப்படாதீங்க. மெதுவாத்தான் வருவா."

பஸ்ஸில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு சூடாமணி உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் இலை முள் மணிக்கட்டில் குத்தியது. அவள் கையை எடுக்கவில்லை.

அக்ரஹாரத்து வீடுகளுக்குப் பின்னால் கொல்லை நீளமாகவும் குறுகலாகவும் போகும். கிணறு, துவைகல், வாழை, கடைசியில் ஒரு பலாமரம். பலாவுக்குக் கிழக்கே மண் கொஞ்சம் மேடாக இருந்தது. சூடாமணி அங்கே குழி தோண்டி, மக்கிய பலா இலையைச் செம்மண்ணோடு பிசைந்து போட்டுக் கன்றை வைத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் தர்மாம்பா மாமியின் தலை எழும்பியது. அந்தத் தெருவில் மாமிக்குத் தெரியாமல் பால்கூடப் பொங்காது.

"என்னடி அது?"

"செடி மாமி."

"செடின்னு தெரியறது. முள்ளா இருக்கே. முள்ளுச் செடியை ஆத்துல வெச்சா கலகம் வரும்னு கேட்டதில்லியா?"

"கலகம் ஏற்கெனவே வந்தாச்சு மாமி. அதைத் தீக்கத்தான் இதை வெக்கறேன்."

மாமி மோவாயில் கை வைத்துக்கொண்டு இறங்கிப்போனாள்.

அதன் பிறகு பிச்சுமணி சண்டை போடவில்லை. அவனும் வார்த்தை தேடத் தொடங்கிவிட்டான். இலையில் ரசம் சாதம் ஆறிக்கொண்டிருக்கும். அவன் கொல்லைப் பக்கம் பார்த்தபடி, "பனிமுள்?" என்பான்.

"இங்க ஏது பனி? படிக்கறவாளுக்குப் பல் கூசும்."

"செங்கனிச்செடி?"

"நாட்டு வைத்தியர் லேகியம் மாதிரி இருக்கு."

"கிறிஸ்துமுள்?"

"முள்கிரீடம் ஞாபகம் வரும். அவன் வெக்கறது காதலுக்குன்னா."

அவளும் சிலது சொல்லிப் பார்த்தாள், அவளுக்கே பிடிக்கவில்லை. தினமும் காலையில் செடியின் முன்னால் போய் நிற்பாள். வெயில் முதலில் மேல் இலையில் விழுந்து, அது கண்ணாடிபோல மின்னி, அடுத்த இலைக்கு ஒளியைத் தள்ளிவிடும். பனித்துளி முள்ளின் நுனியில் நிற்கும், விழாது. வர்ணிக்க வார்த்தைகள் கூட்டமாக வந்தன. கூப்பிட ஒன்றுகூட வரவில்லை.

மாசி போயிற்று. பங்குனி வெயில் கோட்டைச் சுவர்களைச் சுடவைத்தது. கிணற்றில் தண்ணீர் கீழே இறங்கியது. ஒரு காலையில் சூடாமணி போய்ப் பார்த்தால், செடியின் கீழே மஞ்சளாக இலைகள் விழுந்து கிடந்தன. மறுநாள் இன்னும் கொஞ்சம். "எக்காலத்தும் இலை உதிராத செடி" என்று நாவல் பிரதியில் தன் கையாலேயே, ஆசை ஆசையாக, அச்சு மாதிரி எழுதியிருக்கிறாள். அந்தச் செடி இலை உதிர்த்துக்கொண்டிருந்தது. தண்ணீர் அதிகமா, குறைவா? யாராவது சாம்பலைக் கொட்டிவிட்டார்களா? மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். முகர்ந்தும் பார்த்தாள். பிச்சுமணியிடம் சொல்லவில்லை. செடி போய்விட்டால் அவனுக்குத் தேடும் உற்சாகமும் போய்விடும், விஷுவோ நெருங்கிவிட்டது. விழுந்த இலைகளைப் பொறுக்கி, பலா இலைச் சருகுக்கு அடியில் மறைத்தாள்.

மூன்றாம் முறை பொறுக்கக் குனிந்தபோது முள் கன்னத்தில் கீறிற்று. வலியில் முகத்தைப் பின்னுக்கு இழுத்தவள், செடியை அவ்வளவு கிட்டத்தில் முதல்முறையாக உள்ளே பார்த்தாள். விழுவதெல்லாம் அடியில் இருந்த பழைய இலைகள். அவற்றுக்கு மேலே, நுனிகளில், அவள் இதுவரை கவனிக்காத புது இலைகள் விரிந்திருந்தன. இளம்பச்சையாக, முள்கூட இன்னும் கெட்டிப்படாமல், குழந்தையின் நகம்போல. விரலால் தடவினாள், குத்தவில்லை. புதியது வந்து நின்ற பிறகுதான் பழையது இடம் விட்டிருக்கிறது. அதுவும் சத்தமில்லாமல், வெளியே ஒருவருக்கும் தெரியாமல், வீடு ஒருநாள்கூட இருட்டாகாமல் பார்த்துக்கொண்டு.

உதிராதது இல்லை இது. உதிர்கிறது. ஆனால் மொட்டையாவதில்லை, முகம் வாடுவதில்லை. பிச்சுமணி எழுதியதும் தப்பு, தான் அச்சு மாதிரி எழுதியதும் தப்பு. சூடாமணி செடியின் முன்னால் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். வேலியைப் பார்த்த அன்று வந்த மலைப்பு இதன் முன்னால் சாதாரணமாகத் தோன்றிற்று.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் தர்மாம்பா மாமியின் குரல் கேட்டது. யாரோடும் இல்லை, தன் பூச்செடிகளோடு சண்டை. மாமி பூஜைக்காக வரிசையாக வாடாமல்லி போட்டிருந்தாள். இந்த வருஷம் தண்ணீர் போதாமல் எல்லாம் தலையைத் தொங்கப்போட்டுவிட்டன.

"வாடாமல்லியாம் வாடாமல்லி! எவன் வெச்சான் இந்தப் பேரை? ரெண்டு நாள் தண்ணி இல்லேன்னா மூஞ்சி தொங்கிப் போறது." மாமியின் தலை சுவருக்கு மேலே வந்தது. "இதோ, ஓங்காத்து முள்ளு! ஒரு குடம் தண்ணி கேக்கலை, ஒரு வாய் எரு கேக்கலை, கல்யாணப் பொண்ணு மாதிரி மினுக்கிண்டு நிக்கறது. அந்தப் பேரை இதுக்குன்னா வெச்சிருக்கணும். வாடாமுள்ளி!"

சூடாமணி எழுந்தாள்.

"மாமி, என்ன சொன்னேள்?"

"ஏண்டி, கோபமா? முள்ளை முள்ளுன்னுதானே சொன்னேன்."

"இல்ல மாமி, பேர். பேர் என்ன சொன்னேள்?"

"வாடாமுள்ளி. ஏன்?"

கையில் மண்ணோடு கூடத்துக்கு ஓடிய சூடாமணி, பாதி வழியில் நினைவு வந்து திரும்பி, வாளித் தண்ணீரில் கையை முக்கி, புடவையில் துடைத்துக்கொண்டு மறுபடி ஓடினாள். பிரதிக் கட்டைப் பிரித்து, கடிகாரக்காரன் வாசலில் குனியும் பக்கத்தை எடுத்தாள். வெற்றிடத்தில் எழுதினாள். வாடாமுள்ளி. எழுதியதும் அது நேற்று வந்த வார்த்தையாக இல்லை. கடைத்தெருவில் எல்லோரும் சொல்லிப் பழகியதுபோல, பூவின் ஞாபகத்தையும் முள்ளின் கூர்மையையும் சேர்த்து வைத்துக்கொண்டு, வரியில் தானாக உட்கார்ந்தது. அடுத்த இடத்தில் எழுதினாள். அதற்கடுத்த இடத்தில். "இலை உதிராத" என்பதை ஒற்றைக் கோட்டால் அடித்துவிட்டு "பச்சை வாடாத" என்று மேலே போட்டாள்.

மாலையில் பிச்சுமணி நின்றபடியே அந்தப் பக்கத்தைப் படித்தான். முதலில் மனதுக்குள். பிறகு வாய்விட்டு: "அவன் ஒரு வாடாமுள்ளிக் கொப்பை அவள் வாசலில் வைத்தான்." நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான். அவள் கன்னத்தில் கீறலைப் பார்த்தான்.

"எங்கேருந்து கிடைச்சுது இது? சங்கத் தமிழா?"

"பக்கத்தாத்துத் தமிழ்."

விஷயத்தைக் கேட்டதும் அவன் நேரே கொல்லைக்குப் போனான். சூடாமணியும் பின்னால் போனாள். மாமி வாடாமல்லிக்குக் கடைசி முயற்சியாக ஒரு சொம்புத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். பிச்சுமணி சுவரோரம் நின்று இரண்டு கையையும் கூப்பினான்.

"மாமி, நமஸ்காரம்."

"என்னடா இது அசந்தர்ப்பமா? ஆம்படையாள் போய்ச் சொன்னாளா? நான் ஒண்ணும் தப்பா சொல்லலையே."

"ரொம்பச் சரியாச் சொன்னேள். மூணு மாசமா நான் தேடினதை நீங்க செடியைத் திட்டறச்சே சொல்லிட்டேள்."

மாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் மரியாதை நிஜம் என்பது மட்டும் விளங்கிற்று. சொம்பைக் கீழே வைத்துத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"சரி, சரி. நமஸ்காரம் இருக்கட்டும். இது பெரிசானப்புறம் எனக்கும் ஒரு கன்னு குடுங்கோ. இதுகளையெல்லாம் பிடுங்கிப் போட்டுட்டு, நானும் வாடாமுள்ளியே வெச்சுக்கறேன்."